மாயா குகை ஓவியங்களில் இருக்கும் உருவங்களை எப்படிப் படிப்பது

மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழங்குடிகளான மாயா மக்களின் குகை ஓவியம் ஒன்றின் ஃபோட்டோவை யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி "இது எந்தச் சாமி?" என்பதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். குகைச் சுவரில் இருக்கும் உருவங்களில் நிறையப் பேர் சாமிகளே இல்லை. பந்தம் கொளுத்திக்கொண்டு அந்த இருட்டுக்குள் வந்து, சங்கு ஊதி, தங்கள் உடம்பைக் கீறி ரத்தம் கொடுத்து, திரும்பிப் போன மனிதர்கள். அதனால் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று மூன்றையும் கேட்டு முடித்த பிறகுதான் யார் என்று கேட்க வேண்டும். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் தப்பு பாதி குறைந்துவிடும்.

பழகுவதற்கு ஒரு குகையைச் சொல்லுங்கள் என்றால் நான் நாஹ் துனிச்சைத்தான் சொல்வேன். குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில், போப்துன் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மோப்பான் மாயா மொழியில் 'கல் வீடு' என்று பொருள். 1979ல் வேட்டைக்குப் போன உள்ளூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டது, 1981ல் படங்களோடு உலகம் முழுக்கத் தெரியவந்தது. 90க்கும் மேற்பட்ட ஓவியங்கள், ஏறத்தாழ 500 சித்திர எழுத்துகள், பெரும்பாலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டு. மாயா குகை ஓவியங்களில் இவ்வளவு எழுத்தும் இவ்வளவு நல்ல கையும் சேர்ந்து கிடைக்கிற இடம் வேறு இல்லை. ஆண்ட்ரியா ஸ்டோன் என்ற கலை வரலாற்று ஆய்வாளர் இந்த ஓவியங்களுக்கெல்லாம் எண் கொடுத்துப் பட்டியல் போட்டு, 1995ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சரி, படத்தை எடுத்துக்கொள்வோம். எந்தப் படம் என்பதே முதலில் முக்கியம். 1989ல் விஷமிகள் உள்ளே புகுந்து நாஹ் துனிச்சின் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தேய்த்தும் கீறியும் நாசம் செய்துவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. ஆயிரத்து இருநூறு வருடம் யாரும் தொடாமல் இருந்த கோடுகள் அவை. ஆகவே ஃபோட்டோ எப்போது எடுத்தது என்று பாருங்கள். 1989க்கு முந்தையது கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிந்தைய ஃபோட்டோவில் தெரியும் கீறலை ஆயுதம் என்றோ மழை என்றோ படித்துவிடும் ஆபத்து உண்டு. கோட்டுச் சித்திரமாக நகல் எடுத்தவற்றை ஃபோட்டோவோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நகல் எடுத்தவர் எந்தக் கோட்டை ஓவியம் என்று எடுத்துக்கொண்டார், எதைச் சுவர்க் கறை என்று விட்டுவிட்டார் என்பதே ஒரு விளக்கம்தான், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

மங்கிப்போன படம் என்றால் டீஸ்ட்ரெச் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, பாறை ஓவிய ஆட்கள் எல்லோரும் பயன்படுத்துவது. நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், கண்ணுக்கே தெரியாத சிவப்புக் கோடு பளிச்சென்று எழுந்து வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சிவப்புச் சாயத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். நாஹ் துனிச் ஓவியங்கள் அநேகமாக எல்லாமே கறுப்பு, கறுப்பில் அவ்வளவு உதவாது. அப்புறம், பாறையில் இயல்பாகவே இருக்கும் துருக்கறையையும் அது ஓவியம் மாதிரி தூக்கிக் காட்டும். மூலப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளாமல் அதை மட்டும் பார்க்காதீர்கள்.

இருக்கும் இடம்

உருவத்தைப் பார்க்கும் முன் அது குகையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடுங்கள். வாசலில் வெளிச்சம் படும் இடத்தில் இருக்கிற படத்தை ஊர் மொத்தமும் பார்த்திருக்கலாம். நாஹ் துனிச்சின் ஓவியங்களோ பெரும்பாலும் பகல் வெளிச்சம் எட்டாத உள் சுரங்கங்களில் இருக்கின்றன. அங்கே ஒருவர் பந்தம் பிடிக்க இன்னொருவர் தீட்டியிருக்க வேண்டும். பார்க்க வந்தவர்களும் அவ்வளவு தூரம் நடந்து, தவழ்ந்து வந்தவர்கள். ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் ராஜாவின் கல்தூணும் இதுவும் ஒரே ஆட்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மாயாக்களுக்குக் குகை என்பது மலையின் வாய், கீழுலகத்தின் வாசல். கோயில் சிற்பங்களில் மலையை ஒரு பெரிய மிருக முகமாகவும், வாசலை அதன் திறந்த தாடையாகவும் செதுக்குவார்கள். குகைக்குள் அதைத் தனியாக வரைய வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் பாறையே அந்த வாய். அதனால்தான் இந்த ஓவியங்களில் பின்னணி என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. வெறும் சுவரில் ஆள் மட்டும் உட்கார்ந்திருப்பார், நமக்கு என்னமோ பாதியில் விட்டுவிட்ட மாதிரி தோன்றும். விட்டுவிடவில்லை. பாறையின் புடைப்பு, விரிசல், கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது எல்லாம் படத்தில் சேர்ந்ததா என்று பாருங்கள். மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்துக் குகைகளில் தரையிலிருந்து எழும் கல்முளைகளில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் மட்டும் கொத்தி முகமாக்கியிருக்கிறார்கள். மீதி உடம்பைக் குகையே கொடுத்துவிட்டது.

உடம்பும் கையும்

மாயா ஓவியர்கள் முகத்தைப் பக்கவாட்டில்தான் வரைவார்கள். முகபாவத்தில் உணர்ச்சியைத் தேடினால் அதிகம் கிடைக்காது, அது கையில் இருக்கிறது. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தாலோ, ஒரு கை எதிர்த் தோளைப் பிடித்திருந்தாலோ அது பணிவு, எதிரே இருப்பவர் பெரியவர். சப்பணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் பொதுவாக மரியாதைக்குரிய இடத்தில் இருப்பவர். அரண்மனைக் காட்சிகளில் தலைவர் நம் பார்வைக்கு வலப்பக்கம், கொஞ்சம் உயரமான இடத்தில், இடப்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பது வழக்கம். இருவர் இருக்கும் படத்தில் யார் உயரத்தில், யார் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே உறவு பாதி புரிந்துவிடும்.

குந்தி உட்கார்ந்து இடுப்புக்குக் கீழே கையைக் கொண்டுபோயிருக்கும் ஆண் உருவம் வந்தால் முகம் சுளிக்காமல் நன்றாகப் பாருங்கள். அது ஆண்குறியைத் துளைத்து ரத்தம் கொடுக்கும் சடங்காக இருக்கலாம். திருக்கை மீனின் முள், எரிமலைக் கண்ணாடிக் கல்லின் மெல்லிய தகடு இவற்றால் செய்வார்கள். அரசர்களும் செய்தார்கள், கடவுளருக்கும் முன்னோருக்கும் கொடுக்கக்கூடியதில் உயர்ந்தது தன் ரத்தம்தான் என்ற நம்பிக்கை. நாஹ் துனிச்சில் இப்படிப்பட்ட உருவங்கள் உண்டு. இசைக்காரர்களும் உண்டு. சங்கை நீட்டிப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால் அந்தச் சுரங்கத்துக்குள் சங்குச் சத்தம் எப்படி எதிரொலித்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

உடுப்பில் இல்லாதது

இதை நான் தனியாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இது புரிந்த பிறகுதான் மொத்தப் படமும் திறந்தது. வெளியே நகரங்களில் நிற்கும் கல்தூண்களில் மாயா அரசர் எப்படி இருப்பார்? தலையைவிட மூன்று மடங்கு உயரத்துக்குப் பச்சை இறகுகள், மார்பை மூடும் பச்சைக் கல் மாலைகள், இடுப்பில் தொங்கும் முகமூடிகள், ஆளே தெரியாத அளவுக்கு அலங்காரம். குகைச் சுவரில் அதே காலத்து ஆட்கள் ஒரு கோவணம், தலையில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இல்லை. ஓவியருக்கு வரையத் தெரியாமல் இல்லை, அந்தக் கோட்டின் சுழிப்பைப் பார்த்தாலே தேர்ந்த தூரிகைக் கை என்று தெரிகிறது. எழுதுவதற்கும் தீட்டுவதற்கும் மாயா மொழியில் 'ட்ஸிப்' என்று ஒரே சொல், இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். அந்தக் கை வேண்டுமென்றேதான் இறகுகளை விட்டிருக்கிறது. உள்ளே வருபவர் தன்னைக் குறைத்துக்கொண்டு, விரதக்காரராக வந்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆனால் எளிமையான உடுப்பையும் கைதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கைதி என்றால் அடையாளம் இருக்கும்: கை கட்டிய கயிறு, காதணி பிடுங்கப்பட்டு அந்தத் துளையில் செருகிய காகித நாடா, முன்முடியைப் பிடித்து இழுக்கும் இன்னொருவர் கை. இவை எதுவும் இல்லாமல் வெறும் உடம்பு மட்டும் இருந்தால் கைதி என்று சொல்லக் காரணமில்லை.

குட்டையான உடம்பும் புடைத்த நெற்றியும் கொண்ட உருவத்தைக் குழந்தை என்று எண்ணிவிடாதீர்கள். அவர் குள்ளர். மாயா அரண்மனைகளில் குள்ளர்களுக்குத் தனி மதிப்பு, கீழுலகத்தோடும் அவர்களுக்குத் தொடர்பு சொல்லப்படுகிறது, குகையில் வருவது பொருத்தம்தான்.

இப்போது முகம்

இப்போதுதான் சாமியா மனிதரா என்று பார்க்க வேண்டும். மனிதக் கண் பாதாம் வடிவில் இருக்கும். கடவுளின் கண் பெரிதாக, சதுரமாக, கருவிழி மூலையில் ஒதுங்கி இருக்கும். கையிலோ தொடையிலோ நீள்வட்டச் சின்னம் வரைந்திருந்தால் அது பச்சை குத்தியது இல்லை, இந்த உடம்பு சாதாரண உடம்பு இல்லை என்று ஓவியர் சொல்லும் குறி. பளபளப்பைக் காட்டும் குறியும் உண்டு, இருட்டைக் காட்டும் குறியும் உண்டு. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அடித்து நிரப்பியிருந்தால் அது கறுப்பு, இருள். மழைக் கடவுள் சாக்குக்குக் காதில் சிப்பி. மின்னலோடு சேர்ந்த காவீலுக்கு நெற்றியில் புகையும் கோடரியோ பந்தமோ, ஒரு கால் பாம்பு. சூரியக் கடவுளுக்கு மேல் முன்பல் ஆங்கில T எழுத்து மாதிரி செதுக்கியிருக்கும். அகன்ற தொப்பி, அதன் மேல் ஆந்தை, வாயில் சுருட்டு என்றால் கீழுலகத்துக் கிழக்கடவுள். அவருடைய பெயர் தெரியாத காலத்தில் எல் (L) என்ற ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. எலும்பு உடம்பும், பிடுங்கிய கண்களைக் கோத்த மாலையும் என்றால் மரணம்.

இவற்றில் குகையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள் இரட்டையர்தான். குவாத்தமாலா மேட்டுநிலத்துக் கிச்சே மாயாக்களின் போபோல் வூ என்ற புராணத்தில் ஹுனாபூ, ஷ்பலான்கே என்று இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள். பந்தாட்டச் சத்தம் பொறுக்காமல் ஷிபல்பா என்ற கீழுலகத்தின் அரசர்கள் அவர்களைக் கீழே அழைக்கிறார்கள், அங்கே போய் இவர்கள் மரணத்தையே ஏமாற்றி ஜெயிக்கிறார்கள். அந்த நூல் எழுத்தில் வந்தது 16ஆம் நூற்றாண்டில், ஆனால் சகோதரர்களின் படம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பானைகளிலும் சுவர்களிலும் இருக்கிறது. அடையாளம் எளிது. இருவரும் தலையில் துணிப்பட்டை கட்டியிருப்பார்கள். ஹுனாபூவின் கன்னத்திலும் உடம்பிலும் கறுப்பு வட்டப் பொட்டுகள். ஷ்பலான்கேவுக்கு வாயைச் சுற்றியும் உடம்பிலும் சிறுத்தைத் தோல் ஒட்டுகள். நாஹ் துனிச்சில் இருவரும் உட்கார்ந்திருக்கும் ஓவியம் இருக்கிறது, பந்தும் படிக்கட்டுமாக ஒரு பந்தாட்டக் காட்சியும் இருக்கிறது. நான் முதலில் அந்தக் கன்னத்துப் பொட்டைச் சுவரில் விழுந்த பூஞ்சைக் கறை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பிறகு கை, தொடை என்று உடம்பில் வேறு இடங்களிலும் அதே அளவுப் பொட்டு இருப்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து ஒரே மாதிரிக் கறை இரண்டு முறை வந்தால் அது கறை இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கீழுலகத்துக்குப் போய் வந்த சகோதரர்களைக் கீழுலகத்தின் வாசலிலேயே தீட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தச் சுரங்கத்தில் தவழ்ந்து வந்தவருக்கு அது கதைப் படம் அல்ல. தான் நடந்து வந்த அதே பாதையில் தனக்கு முன்னால் போனவர்கள்.

இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இருவர் நெருக்கமாகத் தழுவி நிற்கும் ஓவியம் அது, ஒருவர் ஆண் என்பதில் சந்தேகமில்லை. மற்றவர் பெண் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் அந்தக் குகை முழுக்கப் பெண் உருவங்கள் மிக அரிது, தழுவப்படும் உருவத்திலும் பெண் உடம்புக்கான அடையாளம் தெளிவாக இல்லை, ஆகவே சடங்கில் பெண்ணாக நடிக்கும் ஆணாகவும் இருக்கலாம் என்று ஸ்டோன் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, குறிப்பேட்டில் 'காதலர்கள்' என்று எழுதாமல் 'தழுவி நிற்கும் இருவர்' என்று எழுதுங்கள். பார்த்தது ஒரு வரி, படித்தது ஒரு வரி, இரண்டையும் தனித்தனியாக.

பக்கத்தில் எழுத்து இருந்தால்

மாயா எழுத்து முழுக்கக் கற்காமலே சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து. வட்டமான கட்டம், அதற்குக் கீழே மூன்று குட்டிக் கால்கள், முன்னால் புள்ளியும் கோடும் என்றால் அது 260 நாள் காலண்டரின் ஒரு நாள். அதோடு 365 நாள் காலண்டரின் தேதியும் சேர்ந்தால் அந்த ஜோடி 52 வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், எந்தச் சுற்று என்பதைக் கையெழுத்துப் பாணியையும் வேறு சான்றுகளையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்தில் வரும் தலைகள் வழக்கமாக இடப்பக்கம் பார்க்கும், அந்த முகங்களை எதிர்கொண்டு இடமிருந்து வலமாக, இரண்டிரண்டு பத்தியாகப் படிக்க வேண்டும்.

ஒரு கண்ணும் அதிலிருந்து வெளியே நீளும் கோடுகளும் தெரிகிறதா? அது 'இல்' என்ற வினை, பார்த்தல். (தமிழ் 'இல்'லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, யாராவது முடிச்சுப் போட்டால் நம்பாதீர்கள்.) 'ஹுல்' என்றால் வந்து சேர்ந்தார். குகைக்கு 'ச்சேன்' என்று தனி எழுத்து, அதில் இருட்டுக் கோடுகள் நிரம்பியிருக்கும், கூடவே எலும்போ கண்ணோ. நாஹ் துனிச்சின் வாசகங்களில் இந்த மாதிரிச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: இன்ன நாளில் இன்னார் வந்தார், இன்னார் பார்த்தார். வெகு தூரத்து நகரங்களின் பெயர்களும் இருக்கின்றன, இன்றைய பெலீசில் இருக்கும் கரக்கோல் உட்பட. ஆக, எழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண மனிதர், பெயரும் ஊரும் உள்ள விருந்தாளியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நான் ஆரம்பத்தில் சாமியைத் தேடாதீர்கள் என்றது இதனால்தான். இந்த எழுத்துகளை ஒலியாகப் படிக்கலாம் என்று யூரி க்னோரோசவ் என்ற சோவியத் ஆய்வாளர் 1952ல் காட்டினார், அது பரவலாக ஏற்கப்படவே பல வருடம் ஆனது. அதற்கு முன் வந்த விளக்கங்களில் எல்லா உருவமும் பூசாரியாகவோ வானியல் அறிஞராகவோதான் இருக்கும். விளக்கம் எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

கிறுக்கல் மாதிரி இருப்பவையும் கை அச்சுகளும்

எல்லாக் குகையும் நாஹ் துனிச் ஆகாது. யுகத்தானில் பல குகைகளில் குச்சி மனிதன் மாதிரி உருவங்கள்தான், கரியால் கீறியவை, காலம் சொல்வது கஷ்டம். குதிரை இருந்தால் ஸ்பானியர் வந்த பிறகு வரைந்தது, அதில் யோசிக்க வேண்டியதில்லை. சிலுவை அப்படி இல்லை. நான்கு கை சமமாக உள்ள குறுக்குச் சின்னம் மாயா எழுத்தில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் பழைய எழுத்து, கிறிஸ்தவம் அங்கே வருவதற்கு வெகு முந்தையது.

லோல்துன் குகையில் இருப்பது போன்ற கை அச்சுகளைப் பார்க்கும்போது, சாயம் தடவிய கையைப் பதித்ததா, கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதியதா என்று முதலில் பிரியுங்கள். ஊதியதில் கை வெறும் சுவராகவும் சுற்றுப்புறம் நிறமாகவும் இருக்கும். இடக்கையா வலக்கையா என்று எழுதும்போது உள்ளங்கையா புறங்கையா சுவரில் பட்டது என்ற சந்தேகத்தையும் சேர்த்து எழுதுங்கள், புறங்கை பட்டால் இரண்டும் மாறிவிடும். பிறகு அளவு. 2021ல் வடக்கு யுகத்தானில், ஒரு இலவ மரத்துக்கு அடியில் தரைக்குக் கீழே பத்து மீட்டரில் இருக்கும் குகையிலிருந்து 137 கை அச்சுகள் பற்றிய செய்தி வந்தது, சிவப்பும் கறுப்பும், 1,200 வருடத்துக்கும் பழையவை. அளவை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் கைகள். பருவம் எய்தும் சடங்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்கேல் இல்லாமல் எடுத்த ஃபோட்டோவாக இருந்தால் இது எதுவுமே தெரிந்திருக்காது.

எப்போதாவது நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால், ஊர்க்காரர்களிடம் கேட்காமல் எந்தக் குகைக்குள்ளும் காலை வைக்காதீர்கள். மெக்சிகோவின் சியாப்பாசில் ஹோல்ஹா என்ற குகையில் நாஹ் துனிச்சைவிடப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, சோல் மாயா மக்கள் மே 3ஆம் தேதி அங்கே இன்றும் போய் வழிபடுகிறார்கள். மெழுகுவர்த்தியும் படையலும் வைத்திருக்கும் இடத்தில் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், சுவரைத் தொட வேண்டாம், தெளிவாகத் தெரியும் என்று தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். சுவரில் இருக்கும் ஒருவர் என்ன செய்கிறார் என்று புரியாவிட்டால் அங்கே வழிபட வந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். ஓவியத்தின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் மலையிடம் மழை கேட்க வருபவர் எங்கே நிற்க வேண்டும், கையை எப்படி வைக்க வேண்டும் என்பது தெரியும்.